மூன்று கை உப்பு

அத்தியாயம் 11

ரஷீக்கா குளியலறைக்குள் பிஸ்கட் தின்னத் தொடங்கி இன்றோடு இருபத்தொன்பது நாள்.

முறை எளிது. கதவைத் தாழிட வேண்டும். குழாயைத் திறந்துவிட வேண்டும். இஞ்சி பிஸ்கட்டை முழுதாக வாயில் வைத்து ஊறவிட வேண்டும். கடித்தால் சத்தம் கேட்கும். அந்த வீட்டின் சுவர்கள் மெல்லியவை. நாத்தனாரின் காதுகள் கூர்மையானவை.

நோன்பு வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பன்னிரண்டு வாரம் முடியும்வரை அந்த ‘ஏன்’ யாருக்கும் தெரியக்கூடாது என்று அவளும் கணவன் யுஸ்ரியும் முடிவு செய்திருந்தார்கள். முந்தைய இரண்டு முறையும் ஆறாவது வாரத்திலேயே தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நாத்தனார் தௌஹீதா மஞ்சள் நூலில் சட்டை பின்னவே தொடங்கிவிட்டாள். பத்தாவது வாரத்தில் எல்லாம் முடிந்தபோது, சொன்ன ஒவ்வொருவரிடமும் போய் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. வலியைவிட அதுதான் ரஷீக்காவுக்கு நினைவிருக்கிறது.

நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்கேன். தேதி எழுதிய அட்டை கைப்பையின் உள்ளறையில் இருந்தது. நாளை விட்டால் அடுத்த தேதிக்கு ஐந்து வாரம் ஆகும். ஐந்து வாரம் தெரியாமல் இருக்க அவளால் முடியாது.

சிக்கல் என்னவென்றால், நாளை என்ன நாள் என்று யாருக்கும் தெரியாது.

இன்று மாலை கடற்கரையில் பிறை தெரிந்தால் நாளை பெருநாள். தெரியாவிட்டால் நாளை முப்பதாவது நோன்பு. கணக்குப் போட்டுப் பெருநாளை முடிவு செய்வது கேப் டவுனில் வழக்கமில்லை. கண்ணால் பார்த்தாக வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பே தேதி கொடுக்கும் நர்ஸிடம் இதை எப்படி விளக்குவது?

முப்பதாவது நோன்பென்றால், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்வந்துவிடலாம். பெருநாள் என்றால் பத்து மணிக்கு நாற்பது பேர் வாசலில் நிற்பார்கள். வருகிற முதல் ஆளே மருமகள் எங்கே என்று கேட்பார்.

ஊரே பிறை தெரிய வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தது. ரஷீக்கா மட்டும் மேகம் கேட்டாள்.

கதவு தட்டப்பட்டது.

“தண்ணிப் பஞ்சம் வந்த ஊர்டீ இது,” என்றாள் தௌஹீதா வெளியிலிருந்து. “குழாய மூடு. தொழறதுக்கு இன்னும் எத்தன தடவ ஒளு செய்வ?”

ரஷீக்கா வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சமையலறை மேசையில் பஃப் மாவுச் சுருள்கள் பன்னிரண்டு, பனி விலகிக்கொண்டு கிடந்தன. எல்லாம் கடையில் வாங்கியவை. மாவை வீட்டில் அடித்து மடித்துச் செய்வதெல்லாம் மாமியார் கைரூனிசாவுக்கு ஒத்துவராது.

“கடைக்காரன் மெஷின் வச்சு நூறு அடுக்கு போடுறான். நான் எதுக்கு அவனோட மல்லுக்கு நிக்கணும்?” என்பார்.

அவருடைய மல்லுக்கட்டு எல்லாம் உள்ளே வைக்கும் கறியோடுதான். கொத்துக்கறி, ஜவ்வரிசி, கிராம்பு, மிளகு. பெரிய பானை ஜன்னலோரம் ஆறிக்கொண்டிருந்தது. நூற்றிருபது பஃப்ஸ். மடித்து உறைபெட்டியில் வைத்துவிட்டால், பிறை தெரிந்த மறுநாள் காலை சுட வேண்டியதுதான் பாக்கி.

இந்த முறை அந்தப் பானைமேல் எல்லோருக்கும் ஒரு கண் இருந்தது. காரணம் மரெல்டியா.

மரெல்டியா கைரூனிசாவின் சித்தி மகள். போன பெருநாளில் ஒரு பஃப்ஸை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தின்று, இன்னொரு பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவர் சொன்னார்: “பாக்க ரொம்ப அழகு, கைரூ. உப்பு ஒரு கல்லு கம்மி, அவ்வளவுதான். பரவால்ல. டாக்டருங்க நமக்கு அதத்தானே சொல்றாங்க.”

சொல்லிவிட்டுத் தான் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து மேசை நடுவில் வைத்தார். அதுதான் முதலில் காலியானது.

அந்த உப்புக் கல் ஒரு வருடமாக வீட்டில் உருண்டுகொண்டிருந்தது.

கைரூனிசா நோன்பு நேரத்தில் கரண்டியை வாயில் வைக்கமாட்டார். சமைப்பவர் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம், தப்பில்லை என்று பள்ளிவாசல் இமாமே சொல்லியிருக்கிறார். “நாக்க நீங்க வச்சுக்குங்க. எனக்கு மூக்கு போதும்,” என்பது கைரூனிசாவின் பதில். முப்பத்தோரு வருடமாகப் பானைக்கு மேல் குனிந்து, ஆவியை முகர்ந்து, சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

அந்த மூக்குக்கு ரகசியமாக ஒரு துணை இருந்தது. தௌஹீதாவின் மகள் இமான். நான்கு பெருநாளாக ருசி பார்ப்பது அவள் வேலை. இந்த வருடம் அவளுக்கு ஏழு வயது. முழு நோன்பு வைப்பதாகச் சொல்லிப் பதவி விலகிவிட்டாள்.

மதிய லுஹர் தொழ மாமியார் மாடிக்குப் போனார். தௌஹீதா பாலாடைக்கட்டி துருவும் தகட்டைத் தேடிப் பின்கட்டுக்குப் போனாள். சமையலறையில் ரஷீக்காவும் பானையும் மட்டும் இருந்தார்கள்.

கிராம்பு வாசனை. காலையிலிருந்து ஐந்து பிஸ்கட் மட்டுமே தின்ற வயிறு. உள்ளே இன்னொருவர் வேறு.

ஒரே ஒரு கரண்டி என்று எடுத்து வாயில் போட்டாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

உப்பு. கல் கணக்கில் இல்லை, கடல் கணக்கில். விழுங்கியதும் தொண்டை எரிந்தது. கரண்டியைக் கழுவி வைத்தாள். தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. பின்கட்டிலிருந்து செருப்புச் சத்தம் வந்துவிட்டது.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “கறிக்கு உப்பு போட்டாச்சா?”

“உம்மா போடாம இருப்பாங்களா?”

“நீங்க ஏதாவது போட்டீங்களா?”

“நான் எதுக்குப் போடறேன்?” தௌஹீதா சட்டென்று தகட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். “உம்மா பானையில கை வச்சுட்டு இந்த வீட்டில குடியிருக்க முடியுமா?”

ரஷீக்கா கூடத்துக்குப் போனாள். இமான் சோபாவில் மல்லாந்து படுத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இமான், பஃப்ஸ் கறி கொஞ்சம் பாக்குறியா?”

“நான் நோன்பு.”

“தெரியும். பார்த்துட்டுத் துப்பிடலாம்.”

“மாமி,” என்றாள் இமான், பெரிய மனுஷி போல. “இன்னும் அஞ்சு மணி நேரம்தான். என்னைக் கெடுக்காதீங்க.”

அடுத்த வீட்டு அடோனிஸ் அம்மாவுக்கு நோன்பு கிடையாது. கேட்டால் சந்தோஷமாக இரண்டு கரண்டி தின்பார். ஆனால் ஆறு மணிக்குத்தான் வேலையிலிருந்து வருவார். வீட்டு விலக்கு என்று சொல்லித் தானே ருசி பார்த்ததாகவும் சொல்ல முடியாது. அந்தச் சாக்கை வாந்தி வந்த ஒரு நாளில் சொல்லித் தீர்த்தாயிற்று. பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. தௌஹீதா அதைக் குளிர்பெட்டிமேல் தொங்கும் காலண்டரில் குறித்தே வைத்திருக்கிறாள், பிறகு யார் எத்தனை நோன்பை ஈடுகட்ட வேண்டும் என்பதற்காக.

திரும்பி வந்தபோது மாமியார் வேலையைத் தொடங்கியிருந்தார். சுருளை விரித்தாயிற்று. சதுரங்களாக வெட்டியாயிற்று. கைரூனிசா முதல் கரண்டிக் கறியை அள்ளினார். அவர் முகத்தில் ஒரு வருடக் காத்திருப்பு இருந்தது.

“இந்தத் தடவ வரட்டும் மரெல்டியா,” என்றார். “ரெண்டு பாதியையும் தின்ன வைக்கிறேன்.”

முதல் சதுரத்தில் கறி விழுந்தது. இரண்டாவதில் விழுந்தது.

சொன்னால் ரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால் நாற்பது பேர் முன்னால் மாமியார் தலை குனிவார். மூன்றாவது கரண்டி பானைக்குள் இறங்கியது.

“மாமி, நிறுத்துங்க,” என்றாள் ரஷீக்கா. “உப்பு கூடிப்போச்சு.”

“உனக்கெப்படித் தெரியும்?” என்றாள் தௌஹீதா.

ரஷீக்காவின் காது மடல் சூடானது. கைரூனிசா மருமகளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கழுவி, இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த கரண்டியைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

பிறகு கையிலிருந்த கரண்டியைத் தன் வாயில் வைத்தார்.

“உம்மா,” என்று தௌஹீதா அலறியேவிட்டாள்.

கைரூனிசா நிதானமாகத் தொட்டிக்குப் போய்த் துப்பினார். மூன்று முறை வாய் கொப்பளித்தார். முந்தானையால் உதட்டைத் துடைத்தார். முப்பத்தோரு வருடம் அந்தத் தொட்டியில் போய்விட்டது.

“கூடித்தான் போச்சு,” என்றார். “வாசனையிலேயே புடிச்சுட்டா பாரு. இனிமே இந்த வீட்டுக்கு இவ மூக்குதான்.”

ரஷீக்கா ஈரக் கரண்டியைத் துடைத்து உள்ளே வைத்தாள்.

“நான் ரெண்டு கைதான் போட்டேன்,” என்றார் கைரூனிசா. “எப்பவும் ஒண்ணு. இந்த வருஷம் ரெண்டு. இது ரெண்டு கை உப்பு இல்ல. வேற யாரு?”

தௌஹீதா துருவுகிற தகட்டையே பார்த்தாள். “ஒரு சிட்டிக.”

“யாரோட சிட்டிக?”

“சரி, ஒரு கை. அந்த மரெல்டியா சித்தி மூஞ்சிய நெனச்சேன், தானா கை நீண்டுருச்சு.”

கூடத்திலிருந்து மாமனார் கனீஃபின் தொண்டைச் செருமல் கேட்டது.

“நீங்களுமா?” என்றார் கைரூனிசா.

“நான் சும்மா அந்தப் பக்கம் போனேன்,” என்றது குரல். “ஒனக்காகத்தானே போட்டேன்.”

தௌஹீதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ரஷீக்காவுக்கு. கைரூனிசா கோபமாக நிற்க முயன்று, முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார்.

“அவ ஒரு கல்லுதான் கேட்டா. இங்க ஆளாளுக்கு உப்பளமே குடுத்திருக்கீங்க.”

இதற்கு மருந்து ஒன்றுதான். உப்பில்லாத கறியும் உப்பில்லாத ஜவ்வரிசியும் சேர்த்துக் கலக்க வேண்டும். தண்டனையாக மாமனார் கறிக்கடை வரிசைக்கு அனுப்பப்பட்டார். பெருநாளுக்கு முந்தைய நாள் வரிசை அது. ஒன்றரை மணி நேரம் கழித்து, சட்டை நனைந்து, மூன்று கிலோவோடு வந்தார். கலந்து முடித்தபோது பானை இரண்டாகியிருந்தது. மாவு மட்டும் அதே பன்னிரண்டு சுருள்.

தௌஹீதா நான்கு கடைகளுக்குப் போன் செய்தாள். “பஃப் மாவான்னு கேட்டுட்டுச் சிரிக்கிறான்மா. நேத்தே தீந்துருச்சாம்.”

“சின்னதா வெட்டிடலாம் மாமி,” என்றாள் ரஷீக்கா. “ஒரு சதுரத்த நாலா. ஒரு வாய்க்கு ஒண்ணு. சுடறதும் சீக்கிரம்.”

கைரூனிசா யோசித்தார். “அளவு கம்மின்னு சொல்லுவா.”

“வாய்ல போட்டப்புறம் எப்படிச் சொல்லுவாங்க?”

மாமியாருக்கு அது பிடித்துவிட்டது.

பிறகு வேலை ஓடியது. கத்தியைக் குளிர்ந்த நீரில் நனைத்து வெட்டினார்கள். சிலதை முக்கோணமாக மடித்தார்கள். சிலதைச் சுருட்டிச் சக்கரமாக நறுக்கினார்கள். கறி படாத ஓரத் துண்டுகளில் பாலாடைக்கட்டியும் சீரகமும் தூவி முறுக்கிக் குச்சியாக்கினார்கள். காற்று வெப்பமாக இருந்ததால் ஒவ்வொரு தட்டும் நிரம்பியவுடன் உறைபெட்டிக்குப் போனது. மாவு இளகினால் வெண்ணெய் ஒழுகிவிடும், அடுக்கு எழும்பாது.

“அக்கா, வெட்டின ஓரத்துல முட்டை படக்கூடாது,” என்றாள் ரஷீக்கா. “அடுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.”

“மூக்கு மட்டும்தான்னு நெனச்சேன். இப்ப வாயும் வளந்துருச்சு,” என்றாள் தௌஹீதா.

ஐம்பதாவது மடிப்பின்போது ரஷீக்காவின் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ இடித்தது. நாற்காலி. மாமியார் அதைத் தள்ளிவிட்டு, அவளைப் பார்க்காமலே, “உக்காந்து மடி,” என்றார்.

அந்தச் சமையலறையில் இதுவரை யாரும் உட்கார்ந்து வேலை செய்ததில்லை.

“எனக்கு?” என்றாள் தௌஹீதா.

“உனக்கு ரெண்டு முட்டி இருக்கு.”

நானூற்றி எழுபத்தாறு என்று இமான் எண்ணிச் சொன்னாள். மிஞ்சிய கறி, நோன்பு திறக்கும் நேரத்துக்குள் தெருவில் ஒன்பது வீடுகளுக்குத் தட்டில் போனது. ஒன்பது தட்டுகளும் வெறுமனே திரும்பவில்லை. கடற்கரைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பலகாரம் அதிலேயே சேர்ந்துவிட்டது.

ஆறரை மணிக்குக் கடலோரப் புல்வெளியில் விரிப்பு போட இடமில்லை. பாதி ஊர் அங்கே இருந்தது. மேற்கே கடல் சிவந்து கிடந்தது. பிறை பார்க்கும் குழுவினர் தொப்பியும் நீண்ட அங்கியுமாகப் பாறை ஓரம் வரிசையாக நின்றார்கள். யுஸ்ரி வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். மின்சார வேலைக்காரனின் காக்கிச் சட்டை, தலையில் தூசி. மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். இன்னும் சொல்லவில்லை என்று அவள் தலையை அசைத்தாள். அவனால் எதையும் மறைக்க முடியாது. அவன் முகம் கண்ணாடி அலமாரி. அதனாலேயே ஒரு மாதமாக வீட்டில் எல்லோருக்கும் முதுகைக் காட்டியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சூரியன் இறங்கியது. பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம் கை மாறியது. இமான் முதல் மடக்குத் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

ரஷீக்கா ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் ஓரத்துக்கு நடந்து, பின்னால் திரும்பி நின்றாள். மலை உச்சியில் வெள்ளை மேகம் விரிப்பு போலப் படுத்திருந்தது. தென்கிழக்குக் காற்று கொஞ்சம் மனது வைத்தால் அதை அப்படியே கடல்மேல் இழுத்துவிடலாம்.

“எல்லாரும் கடலப் பாக்குறாங்க,” என்றது பக்கத்தில் ஒரு குரல். “நீ ஏன் மலையப் பாக்குற?”

மாமியார் கையில் பாகில் தோய்த்து தேங்காய்ப்பூ ஒட்டிய ஒரு கூசிஸ்டர் பலகாரம் இருந்தது. அதை அவளிடம் நீட்டினார்.

“மேகம் வருதான்னு பாத்தேன் மாமி.”

“வரணுமா, வரக்கூடாதா?”

இன்று பகலோடு அவரிடம் பொய் சொல்லும் வாய்ப்பு போய்விட்டது. “வரணும்,” என்றாள். “நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கேன். விட்டா அஞ்சு வாரம் ஆகும்.”

கைரூனிசா காற்றில் பறந்த மருமகளின் தலைத்துணி நுனியைப் பிடித்துத் தோளில் செருகினார்.

“எத்தன வாரம்?”

“நாளையோட பன்னெண்டு.”

“பன்னெண்டு,” என்றார் கைரூனிசா. பத்தாவது வாரத்தை இரண்டு முறை எண்ணியவர் அவரும்தான். “பன்னெண்டு.”

“மாமி, நான் ஒரு நோன்பும் வைக்கல.”

“அது மத்தியானமே தெரியும்.”

“அப்ப நான் வாசனையில புடிச்சேன்னு சொன்னீங்களே?”

கைரூனிசா சுற்றிலும் பார்த்தார். தௌஹீதா தூரத்தில் இமானுக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமனார் பலகார டப்பாவுக்குள் இருந்தார்.

“முப்பத்தோரு வருஷமா மூக்கால உப்புப் பாக்குறேன்னு சொல்றேன்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “உப்புக்கு ஏதுடி வாசன? ஒரு கைன்னு அளவு. அவ்வளவுதான். மூக்கெல்லாம் சும்மா பந்தா. அதனால நீ தின்னுதான் பாத்திருக்கன்னு எனக்கு நிச்சயம்.”

ரஷீக்கா வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. கைரூனிசா அவள் முதுகைத் தட்டினார்.

அப்போதுதான் பாறை ஓரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“அதோ. அதோ பாருங்க. பிறை.”

குழுவினரில் யாரும் அல்ல. யுஸ்ரி. எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக நின்று, கையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தியிருந்தான். கத்திய பிறகுதான் அவனுக்கு நாளை காலை நினைவு வந்தது. நீட்டிய கை அப்படியே இருக்க, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மனைவியைத் தேடித் திரும்பினான்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். சிவப்புக்கு மேல், நகம் வெட்டிப் போட்டது போல மெல்லிய கோடு. தக்பீர் முழக்கம் பாறையிலிருந்து புல்வெளிக்கும் புல்வெளியிலிருந்து சாலைக்கும் பரவியது. கார்கள் ஒலி எழுப்பின. முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள்.

ரஷீக்காவும் பார்த்தாள். மேகம் கேட்டவள்தான். ஆனாலும் அது அழகாக இருந்தது.

கைரூனிசாவின் போன் அடித்தது. மரெல்டியா. அவர் குரல் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

“கைரூ, பெருநாள் வாழ்த்து. நாளைக்கு ஒம்பதரைக்கே வந்துடறேன். பஃப்ஸ் நான் ஒரு டப்பா கொண்டு வரவா?”

“கொண்டு வராத,” என்றார் கைரூனிசா. “வந்து சுடு. எல்லாம் மடிச்சு உறைபெட்டியில ரெடியா இருக்கு. மேல மட்டும் முட்டை தடவு, ஓரத்துல படாம. வர்றவங்களயும் நீயே கவனிச்சுக்க.”

“நீ எங்க போற?” என்றார் மரெல்டியா.

கைரூனிசா போனை அணைத்துவிட்டார்.

“மாமி,” என்றாள் ரஷீக்கா. “நாப்பது பேர் வர்றாங்க. நான் யுஸ்ரியோட போய்ட்டு வந்துடறேன்.”

“அவன் பெருநாள் தொழுகை முடிச்சு நாலு வீடு ஏறி வர்றதுக்குள்ள பதினொண்ணு ஆயிடும். போன ரெண்டு தடவயும் நீ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. இந்தத் தடவ பக்கத்துல இருந்து நான் கேக்கணும்.” மிச்சமிருந்த தேங்காய்ப்பூவை உள்ளங்கையிலிருந்து தட்டிவிட்டார். “ஒம்பதே முக்காலுக்குக் கெளம்பணும். புதுச் செருப்பு போடாத, கடிக்கும்.”

தௌஹீதா இமானை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“உம்மா, மரெல்டியா சித்தி எனக்குப் போன் பண்ணி என்னமோ ஒளறுறாங்க. அவங்க சுடணுமாம், நீங்க வீட்டுலயே இருக்கமாட்டீங்களாம்.”

“சரியாத்தான் சொல்றா.”

“பெருநாள் அன்னிக்கா? எங்க போறீங்க?”

“உப்பு வாங்க,” என்றார் கைரூனிசா.

“தனியாவா?”

“இவளும் வர்றா. மூக்கு வேணுமில்ல.”

சொல்லிவிட்டு விரிப்பை மடிக்கப் போய்விட்டார்.

தௌஹீதா இமானைக் கீழே இறக்கிவிட்டாள். தலைத்துணிக்குள் முகத்தை மறைக்கப் பார்த்த ரஷீக்காவை ஒரு முறை பார்த்தாள். தூரத்தில், இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் தம்பியைப் பார்த்தாள். பிறகு எதையோ எண்ணுகிறவள் போல, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினாள்.